சனிக்கிழமைக்குள் நூறு கிலோமீட்டர்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் டிரைவர் சட்டைப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். மனைவி குளித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. அதற்குள் காரின் முன்மூடியைச் சத்தமில்லாமல் தூக்க வேண்டும், பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் கழற்ற வேண்டும், இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். திரும்ப மாட்டிவிட்டால் தீர்ந்தது. கம்பெனி கார் ஓட்டும் டிரைவர்களுக்குள் வழிவழியாக வரும் கைவைத்தியம் இது. மஞ்சள் விளக்கு எரிகிற விஷயம் முதலாளி காதுக்குப் போவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்று, விளக்கு அணையும், அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. எஞ்சின் படம் போட்ட அந்த விளக்கு இவர்கள் காரில் திங்கட்கிழமையிலிருந்து எரிகிறது. இன்று வியாழன். ஒன்பது மணிக்குப் புகைப் பரிசோதனை. விளக்கோடு போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது டிரைவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தார். விளக்கு போயே போய்விட்டது. கடிகாரம் மட்டும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து அதையும் சரிசெய்தார். களவும் கற்று மற என்று சும்மாவா சொன்னார்கள். மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், ஒரு பாவமும் அறியாதவர் போல.

அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். முப்பத்திநாலு வருஷம் ஒரே கம்பெனி, ஒரு கீறல் கிடையாது, ஒரு அபராதம் கிடையாது. அப்புறம் கண்ணில் நீரழுத்தம் வந்தது. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும், பேப்பரின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். பக்கவாட்டில் இருப்பதுதான் தெரியாது. அங்கே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. கண் டாக்டர் ஒரு தாளில் நாலு வரி எழுதினார், லைசென்ஸ் போய்விட்டது. கம்பெனியில் மாலை போட்டு, கைகுலுக்கி, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் வேறொரு டிரைவர் ஓட்டிய வண்டியில். அன்றைக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்த நாற்பது நிமிடம் மாதிரி அவமானத்தை அவர் வாழ்நாளில் பட்டதில்லை.

அந்த மாதமே மனைவி யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். வயது ஐம்பத்திமூன்று. பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். "வீட்லயே ஒரு டிரைவர் இருக்க, காசு குடுத்து வெளியில கத்துக்கணுமா?" என்று கேட்டவரிடம், "நீங்க கத்துக் குடுக்க மாட்டீங்க, கத்துவீங்க" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினாள். இப்போது படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள். ஐந்து பேர். அதில் மூன்று பேர் தூரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணக்கு டீச்சர் வீட்டுக்கு பஸ்ஸே கிடையாது. டீச்சரின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படுக்கைப் புண் நாலு மாதத்தில் நகம் அளவுக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு கர்வம் வரும். மற்றபடி கர்வத்துக்கெல்லாம் அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் குத்தகை எடுத்திருந்தார்.

"அட, லைட்டு போயிடுச்சே!" என்றாள் வண்டியில் ஏறியதும்.

"நேத்து கொஞ்சம் பாத்தேன். தூசி" என்றார் டிரைவர். தூசி என்பது எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

பரிசோதனை நிலையம் என்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீளமான தகர ஷெட். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற வேண்டும். தரையில் மஞ்சள் கோடு, சுவரில் ஆள் உயர மின்விசிறி, ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் டிரைவரைப் பார்த்ததும் எழுந்தார்கள். அந்தக் காலத்துக் கூட்டாளிகள், இன்னும் கம்பெனி வேன் ஓட்டுகிறவர்கள். "அண்ணே, வாங்கண்ணே! அண்ணி ஓட்டுறாங்களா? பெரிய ஆளுதான்" என்றார் ஒருவர். டிரைவர் சிரித்துக்கொண்டார். வண்டியைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லுவேன், பாஸ் ஆகிவிடும் என்றார். கேட்காத கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

பரிசோதிக்கிறவள் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். நீலச் சட்டை, கையில் உறை, காதுக்குப் பின்னால் பேனா. புகைக் குழாயில் கம்பியை விட்டு அளவு பார்த்தாள், தலையை ஆட்டினாள். பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து ஒரு ஒயரைச் சொருகி, கையிலிருந்த திரையைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"புகை சுத்தமா இருக்கும்மா. ஆனா வண்டிக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"ஞாபகமா?" என்றாள் மனைவி.

"உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கும்மா. வண்டி ஓட ஓட, புகை சம்பந்தமா எட்டு விஷயத்த அதுவே சோதிச்சு எழுதி வெச்சுக்கும். அதைப் படிச்சாத்தான் நாங்க சர்டிபிகேட் குடுக்க முடியும். இதுல எட்டுல ஆறு தயாரில்லைன்னு வருது. பேட்டரியக் கழட்டினா எல்லாம் அழிஞ்சு போயிடும்." பெண் நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தாள். "பேட்டரிய யாராவது கழட்டினீங்களா சார்?"

ஒரு சொல் போதும். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அட, இந்தக் காலத்து வண்டிக்கு இதெல்லாம் வேறயா என்று சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாற்காலியிலிருந்து இரண்டு பேர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்திநாலு வருஷம் இரண்டு தோளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்தியது.

"இல்லையே" என்றார் டிரைவர்.

மனைவி நெற்றியைத் தேய்த்தாள். "நான்தாம்மா. போன வாரம் டீச்சர் வீட்ல ஹெட்லைட்ட அணைக்காம உள்ள போயிட்டேன். ரெண்டு மணி நேரம் எரிஞ்சிருக்கு. அதுல பேட்டரி இறங்கியிருக்கும். என் தப்புதான்." அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு மன்னிப்பு இருந்தது. அந்தப் பெண்ணிடம், கணவரிடம், அந்த இரண்டு டிரைவர்களிடம், காரிடம்கூட. "சரிங்க, பொம்பளைங்க ஓட்டினா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று நாற்காலியிலிருந்து ஆறுதல் வந்தது. டிரைவர் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ராத்திரி முழுக்க வண்டி நிற்க வேண்டும். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது கிளப்பி, மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். பிறகு பெரிய சாலையில் எண்பதில் இருபது நிமிடம், கூட்டாமல் குறைக்காமல். அப்புறம் பிரேக்கைத் தொடாமல், காலை மட்டும் எடுத்து, வண்டி தானாக முப்பதுக்கு இறங்க வேண்டும். அப்படி மூன்று தடவை. அப்புறம் ஊருக்குள் நின்று நின்று ஓட்ட வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டராவது, இரண்டு காலையாவது. "சனிக்கிழமையோட உங்க பதிவு முடியுதும்மா. அன்னிக்கு ஒரு மணி வரைக்கும் இருப்போம். விட்டுட்டா ஞாயித்துக்கிழமையிலேர்ந்து வண்டிய ரோட்ல எடுக்க முடியாது. அப்புறம் ஆபீஸ்ல மனு போட்டு, அவங்க கூப்பிட்டு, மூணு மாசம் நாலு மாசம் ஆயிடும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் முப்பதிலேயே வந்தாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "வித்துடலாங்க" என்றாள்.

"என்னத்த?"

"கார. பெரிய ரோட்ல நான் போகமாட்டேன். நீங்க போக முடியாது. அப்புறம் எதுக்கு அது?"

"ஒரு மணி நேரம். நேரா போற ரோடு. அதுக்குப் போயி..."

"போகமாட்டேன்னா போகமாட்டேன்."

அவள் பயந்தாங்கொள்ளி என்பது டிரைவரின் நெடுநாளைய முடிவு. லாரி தெரிந்தாலே ஓரம் கட்டுவாள், ஐம்பதுக்கு மேல் முள்ளை நகரவிட மாட்டாள். ஆனால் அன்று மதியம் அவள் ஜன்னலோரம் நின்று போனில் பேசியதைக் கேட்டபோது கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். கணக்கு டீச்சரின் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமையோட நான் வர்றது சந்தேகம்மா. வேற ஆள் பாத்துக்கோங்க. புண்ணு மூடுற நேரத்துல கை மாறக் கூடாதுதான், என்ன பண்றது... இல்லம்மா, வண்டில கோளாறு. என்னால வந்ததுதான். இந்த வயசுல ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன்." போனை வைத்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் திறந்து பஞ்சு, துணிச்சுருள், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். பிறகு அப்படியே அதே வரிசையில் திரும்ப அடுக்கினாள்.

டிரைவர் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். அவள் அடுக்கி முடிக்கட்டும் என்று உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தார். சாப்பிடும்போது எதற்கு என்று விட்டார். சாயங்காலம் அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் நின்று, ஒரு துண்டை எடுத்து மடித்தும் கொடுத்தார். "என்ன இன்னிக்கு அதிசயமா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, அது குடைகிறதே என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் என்ன ஆகிவிடும் என்று யோசித்தார். ஒன்றும் ஆகாது. வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரு நம்பிக்கை போகும், அவ்வளவுதான். அது ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது சுத்தக் கிறுக்குத்தனம். ஐந்தரை மணிக்குச் சாலையில் ஈ காக்காய் இருக்காது. நேரே இருப்பதுதான் நன்றாகத் தெரிகிறதே. பெரிய சாலையில் நேராகப் போவதைத் தவிர வேறு என்ன வேலை? இவள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் பாதி தூரம் முடித்துவிடலாம். சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். எஞ்சினைக் கிளப்பினால் அவளுக்குக் கேட்டுவிடும். வாசல் தெருவை நோக்கிச் சரிவு. அதனால் கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கை இறக்கி, வண்டியைத் தானாகப் பின்னால் உருளவிட்டார். மூன்று வருஷம் கழித்து ஸ்டியரிங் கையில். அந்த ஒரு நிமிடம் அவர் ராஜா.

பின்பக்கம் தடதடவென்று யாரோ வண்டியை அறைந்தார்கள். உயிரே போய்விட்டது. காலை அழுத்தி நிறுத்தினார். காலை நடைக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அம்மா, வண்டியின் பின்மூடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். சத்தமில்லாமல் உருண்டு வந்த வண்டி அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா இவருக்குத் தெரியவில்லை.

"என்ன டிரைவர் சார், நான் என்ன கொசுவா, கண்ணுக்குத் தெரியாம போறதுக்கு? இந்த உடம்பையே பாக்கலேன்னா வேற எதைத்தான் பாப்பீங்க?" குரலில் கேலி இருந்தது, கைகள் மட்டும் பின்மூடியை விடவில்லை. அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மனைவி வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வண்டி பாதி வாசலிலும் பாதி தெருவிலுமாக நின்றது. அவர் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"பேட்டரியக் கழட்டினது நான்தான்" என்றார்.

அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

"நேத்து காலைல. நீ குளிக்கும்போது. லைட்ட அணைக்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கழட்டினது பரவால்ல" என்றாள், மெதுவாக. "தெரியாம பண்ணீங்க. ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனா அந்தப் பொண்ணு முன்னாடி, அந்த ரெண்டு பேர் முன்னாடி, என் தப்பு என் தப்புன்னு சொன்னேனே. கேட்டுக்கிட்டு நின்னீங்களே. அதுக்கப்புறம் நேத்து பூரா சாப்பிட்டீங்க, தூங்கினீங்க. நான் கார வித்துடலாம்னேன். அப்பவும் ஒரு வார்த்தை வரல உங்க வாயிலேர்ந்து." குரல் உடைந்தது, உடனே சரியாகிவிட்டது. "எத்தனையோ பேரோட புண்ணப் பாத்திருக்கேன். இப்படி மூடி வெச்ச புண்ணுதாங்க சீழ் பிடிக்கும்."

அவர் தலை குனிந்தார். அவளிடம் அவர் தலை குனிந்து அவருக்கே ஞாபகம் இல்லை.

"இறங்குங்க" என்றாள். "எஞ்சின ஸ்டார்ட் பண்ணினீங்களா?"

"இல்ல. உருட்டித்தான் எடுத்தேன்."

"அப்ப இன்னும் சில்லுனுதான் இருக்கு." உள்ளே போனாள். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, புடவை மாற்றி, மூன்று வீட்டுக்குப் போன் செய்து பதினொரு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். ஓட்டுகிற பக்கம் ஏறி, இருக்கையைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள். "ரெண்டு விஷயம். ஒண்ணு, வழி சொல்லுங்க, ஆனா கத்தக் கூடாது. ரெண்டு, நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"சரி" என்றார். இரண்டுக்கும் சேர்த்து.

பெரிய சாலையில் ஏறும் வளைவில் அவள் வண்டியை நிறுத்தியே விட்டாள். பின்னாலிருந்து ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டு சுற்றிப் போனான். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டு, உள்ளே நுழைந்தாள். அறுபது. எழுபது. எண்பதில் முள் நின்றபோது அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. "அப்படியே வெச்சுக்க, நல்லாத்தான் ஓட்டுற" என்றார் டிரைவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. அதற்கு அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். மலரவில்லை.

"ஓட்டத் தெரியாம நான் பயப்படலங்க" என்றாள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க முப்பத்திநாலு வருஷம் இந்த ரோட்ல போனீங்க. இந்த ரோட்ல அடிபட்டவங்க எல்லாரும் எங்ககிட்டதான் வருவாங்க. ஸ்ட்ரெச்சர் உள்ள வரும். மத்தவங்க மூச்சு இருக்கான்னு பாப்பாங்க. நான் மொதல்ல சட்டையப் பாப்பேன்."

டிரைவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"வெள்ளைச் சட்டையா, பையில நீல நூல்ல கம்பெனி பேர் போட்டிருக்கான்னு. இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குக் கையே ஓடும். அங்க ஒருத்தர் உயிர் போயிட்டிருக்கு, எனக்கு அப்பாடான்னு இருக்கும். இருபத்தெட்டு வருஷம். அந்த அப்பாடாவ எங்க போய்க் கரைக்கிறது சொல்லுங்க."

வெளியூர் போய்த் திரும்பும் நாட்களில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சட்டையைக் கழற்றிக் கொடுங்கள் என்பாள். அழுக்குத் தாங்காதவள் என்று நினைத்திருந்தார். கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறார். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, சாலையில் கிடக்கும் பள்ளமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மனுஷனுக்கு இது தெரியவில்லை. "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா உங்க கை நடுங்கும். நடுங்கின கையோட ஓட்ட வேண்டாம்னு விட்டுட்டேன்."

இருபது நிமிடம் முடிந்தது. தாளை எடுத்துப் பார்த்தார். "இப்ப காலை எடு. பிரேக்க மட்டும் தொடாத. தானா இறங்கட்டும்."

"பின்னாடி லாரி வருதுங்க."

"எவ்ளோ தூரத்துல?"

"நீங்கதான் பாருங்களேன்!"

"எனக்கு ஓரத்துக் கண்ணாடி தெரியாதும்மா. நீதான் பாத்துச் சொல்லணும்."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார், தாள் சொல்லியிருக்கிறது, அவர் வாய் சொன்னதில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். "இருக்கு, நாலஞ்சு வண்டி நீளம்" என்றாள். காலை எடுத்தாள். எஞ்சின் சத்தம் தணிந்தது. எண்பது, எழுபத்தைந்து, எழுபது. லாரி ஹாரன் அடித்தது. அவளுடைய கால் பிரேக்குக்கு மேலே நின்றதே தவிர, இறங்கவில்லை. டிரைவருக்கு ஒரு கத்தல் நாக்கு நுனி வரை வந்தது, கத்தக் கூடாது என்ற நிபந்தனை ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார். அறுபது, ஐம்பது. லாரிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே பக்கத்தில் ஏறிக் கடந்தான். அந்த உறுமல் மட்டும் அவருக்குக் கேட்டது, லாரி தாண்டி முன்னால் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நாற்பது. முப்பது.

"போயிட்டானா?" என்றார்.

"போயிட்டான். எருமை." அவள் மூச்சு விட்டாள். அடுத்த இரண்டு தடவைக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே வேகம் பிடித்தாள், அவளே கண்ணாடி பார்த்தாள், அவளே காலை எடுத்தாள். பதினொன்றரைக்குக் கணக்கு டீச்சர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் அணைந்திருக்கிறதா என்று இறங்கி முன்னால் வந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வரும் வரை வெறும் பனியனோடு உட்கார முடிந்தால் தேவலை போல் இருந்தது அவருக்கு. மேலே கிடந்த வெள்ளைச் சட்டை கனத்தது.

சனிக்கிழமை காலையும் அப்படியே. சில்லென்ற எஞ்சின், மூன்று நிமிடம், பெரிய சாலை, இருபது நிமிடம். கோபம் தீர்ந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. நூற்றுப் பதினான்கு கிலோமீட்டர் ஆனபோது மணி பன்னிரண்டே கால். பரிசோதனை நிலையத்தில் கடைசி நாள் கூட்டம். ஒன்பது வண்டி முன்னால் நின்றது. வரிசை நகர்ந்து இவர்கள் முறை வருவதற்கும், சுவர்க் கடிகாரம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் காட்டுவதற்கும் சரியாக இருந்தது. மஞ்சள் விளக்கு அதுவரை எரியவில்லை. எரியாது என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அவள் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. டிரைவர் இறங்கினார். நாற்காலிகள் நாலிலும் ஆள் இருந்தார்கள், சுவரோரம் இன்னும் ஆறேழு பேர் நின்றார்கள். ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்றால் மின்விசிறி போடுகிற இரைச்சலில் அடித் தொண்டையிலிருந்து பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும்.

"ஏம்மா" என்றார். "வியாழக்கிழமை கேட்டியே. பேட்டரியக் கழட்டினது நான்தான். இவங்க இல்ல."

அந்தப் பெண் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும் சார்" என்றாள். "ஹெட்லைட் எரிஞ்சு இறங்கியிருந்தா போன வாரமே அழிஞ்சிருக்கும், இத்தன நாள் ஓட்டத்துல பாதியாவது திரும்பியிருக்கும். இது அன்னிக்குக் காலைல கழட்டினது. எதுக்குக் கழட்டினீங்க, லைட்டா?"

"ஆமாம்மா."

"பாதி வண்டிக்கு அந்த லைட்டு பெட்ரோல் மூடிய இறுக்கமா மூடாததாலதான் சார் வருது. டிக் டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும்."

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில், இவனுங்க ஒழுங்கா மூட மாட்டானுங்க என்று இறங்கிப் போய் மூடியை மூடியது யார் என்று டிரைவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டால் போதும் என்று வாயை மூடிக்கொண்டார்.

"அழிச்சது நீங்கன்னா, இத்தன தூரம் ஓட்டினதும் நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பெண் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தாள்.

"இல்லம்மா. அவங்கதான் ஓட்டினாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

சுவரோரம் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அது டிரைவரைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. ஒயர் உள்ளே போகும் சத்தம் கேட்டது. பெண் நிமிர்ந்து, கையுறை மாட்டிய விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வரியாக மெல்ல இறக்கினாள், உதடுகள் அசைந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. டிரைவர் காருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். நேரே இருப்பது அவருக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் மனைவி, நகராத வண்டியில், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவருடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.